வாத்தியாரின் வெள்ளைப் பக்கம்

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த விவரம் தெரிந்தது. அங்கே குளிர் எப்படி? நான் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத் தும்மிக்கொண்டிருக்கிறாயா?

பத்து நாள் இருந்தாய். பத்து நாளும் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாய். குழாய் சொட்டுவது நின்றது, கதவு கிறீச்சிடுவது நின்றது. அதற்கெல்லாம் உனக்குப் புண்ணியம். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவின் கம்ப்யூட்டரில் கை வைத்தாய் பார், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக முப்பது வருடம் "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திய தொண்டை அது. தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாக அதிலிருந்து காற்றுதான் வருகிறது. பேனா பிடித்தால் கை நடுங்கிக் கோழி கிளறியதுபோல் ஆகிவிடுகிறது. அவருக்கு வாய் என்று இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டால் வெள்ளைப் பக்கம் தானாகத் திறக்கும். ஒற்றை விரலால் பெரிய பெரிய எழுத்தில் அடித்து, திரையை நம் பக்கம் திருப்புவார். "டீயில சக்கரை எங்க?" "பெரியவளே, ஃபேனைக் குறை." எட்டு மாதம் அவர் பேசியதெல்லாம் 'பேச்சு' என்று பெயர் வைத்த அந்த ஒரே ஃபைலில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கிறது.

இப்போது சுவிட்சைப் போட்டால் உன் கறுப்புப் பக்கம் திறக்கிறது. அடித்தால் எழுத்து விழுவதில்லை. முதலில் ஏதோ 'எழுதும் கீ'யை அழுத்த வேண்டுமாம். நீயும் பேப்பரில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டித்தான் போயிருக்கிறாய். அவர் மறந்துபோய் அடிக்கிறார். திரையில் மினுக்கும் கோடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது, மேலே இருந்த வரி காணாமல் போகிறது. அவர் என்னைப் பார்க்கிறார். நான் பேப்பரைப் பார்க்கிறேன்.

பழையதையே திருப்பி வைத்துவிடலாமா? எப்படி என்று எழுது, நானே செய்துகொள்கிறேன். போனில் கேட்டுவிடலாம்தான். ஆனால் தான் பேச முடியாத வீட்டில் யாரும் போனில் வளவளக்கக் கூடாது என்று வாத்தியார் போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நம்பு. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறதா? கண்ணாடிக் கடையில் உன் முதலாளி இன்னும் மூக்குக்குப் பொருந்தாத ஃப்ரேமை எல்லார் தலையிலும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா?

நவம்பரில் கரண்ட் போனபோது என்ன ஆயிற்று என்று மறந்துவிட்டாயா? அம்மாவை முதன்முதலில் பார்த்த கதையை அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து அடித்தார். உன் வெள்ளைப் பக்கம் அதைச் சேமிக்கவில்லை. மொத்தமாகப் போயிற்று. அவர் அதைத் திரும்ப எழுத மறுத்துவிட்டார் என்று அழுதுகொண்டே எழுதியது யார்? அதனால்தான் மாற்றினேன். நீ கறுப்புப் பக்கம் என்கிறாயே, இந்த எடிட்டர் ஒவ்வொரு எழுத்தையும் அவ்வப்போது பத்திரப்படுத்திக்கொள்ளும். இனி அவர் சொல்வது ஒரு வார்த்தைகூடத் தொலையாது.

பன்னிரண்டு வருடமாக இதில்தான் நான் வேலை செய்கிறேன். இதற்குப் பழகிய கை வேறு எதற்கும் போகாது. முதலில் எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கீ அக்கா, அதை அழுத்திவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி ஊரையே பழக்கியவர், இதைப் பழகிக்கொள்ள மாட்டாரா?

திருப்பி மாற்றுவதெல்லாம் கடிதத்தில் எழுதிப் புரியவைக்கும் விஷயம் இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள சின்னவனுக்கு அப்பா அடிப்பது

நான் சௌக்கியம். நீ சாப்பிட்டியா தூங்கினியான்னு கேக்க நெனச்சேன், கேட்டாச்சு.

நீ வச்சிட்டுப் போன கறுப்புப் பக்கம் நல்லா இருக்கு. கண்ணு கூசல. அக்கா ஏதாவது எழுதியிருப்பா, பெருசா எடுத்துக்காதே. புது வண்டின்னா முதல் வாரம் எல்லாரும் லைட்டுக்குப் பதிலா வைப்பரைத்தான் போடுவாங்க. நானும் இப்ப மழையே இல்லாம வைப்பர் போட்டுக்கிட்டு இருக்கேன். சரியாயிடும்.

ஒண்ணே ஒண்ணு. எந்தக் கம்பெனிக்காரனும் பிரேக்கை மட்டும் இடம் மாத்த மாட்டான். அவசரத்துல கால் தானா போற இடம் அது. உன் கறுப்புப் பக்கத்துல அந்த மாதிரி ஒண்ணு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கேன். இருந்தா எழுது. இல்லைன்னாலும் பரவாயில்ல.

எம் புள்ள சோறு சம்பாதிக்கிற சாமானத்துலதான் நானும் எழுதறேன்னு பாக்க வர்றவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டு இருக்கேன்

அப்பா

(தம்பி, இது ஓரத்தில் நான் பேனாவால் எழுதுவது. இந்த ஒரு பக்கத்துக்கு அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. இரண்டு தடவை பாதியில் அழிந்தது. உன்னிடம் சொல்லக்கூடாதாம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அக்கா)

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். நீ சொன்ன ஒரு மாதம் முடிந்துவிட்டது.

நேற்று அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் வந்தார். இப்போது பஸ் ஓட்டுகிறார். வாத்தியார் கையால் தலையில் குட்டு வாங்கித்தான் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொன்னார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பதிலுக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று அவசரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அடித்தார். எழுத்து விழவில்லை. பேப்பரைப் பார்த்து எதையோ அழுத்தினார், பக்கம் எங்கோ கீழே ஓடிற்று. அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். கடைசியில் அப்பா திரையை அணைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். "பரவால்ல சார், நான் இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலு பக்கம் பேசுவார். நேற்று முழுக்க இரண்டு வரி. 'டீ.' 'போதும்.' கோபம் வந்தால் கீபோர்டைப் படபடவென்று தட்டுகிறார், அது ஒன்றுதான் இப்போது வீட்டில் கேட்கும் சத்தம். தொண்டை போனபோதுகூட அப்பா வாயை மூடவில்லை. இப்போது மூடிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நல்லதை நினைத்துத்தான் செய்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் தொலையாமல் வைத்துக்கொள்வதற்கு முதலில் அவர் எதையாவது சொல்ல வேண்டுமே. தயவுசெய்து மாற்றிக் கொடு.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே ஒரு வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நேற்றுத்தான் மூச்சு விட்டேன். உனக்கும் அப்பாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அவர் வாயை நான் அடைத்ததுபோல் எழுதியிருக்கிறாய். தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவரே எழுதினாரே. நீ பக்கத்தில் நின்று பதறுவதில்தான் அவருக்குக் கை தடுமாறுகிறதோ என்னவோ.

ஜூனில் வருகிறேன். டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். வந்ததும் முதல் வேலை அதுதான். இன்னும் எட்டு வாரம் பொறுத்துக்கொள்.

உன் தம்பி

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ சாப்பிடுகிறாயா? தனியாக இருக்கிறாய், இரவு கதவைச் சரியாகப் பூட்டு. சட்டம் போட்டவர் போய்விட்டார், ஆனாலும் போனை எடுக்கக் கை வரவில்லை. உனக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் காரியத்துக்கு வந்து நான் அங்கே இருந்த ஐந்து நாளும் வீடு நிறைய ஆட்கள். உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீயும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. நாற்காலி போடுவதும் டம்ளர் கழுவுவதுமாக இருந்தாய்.

ஒன்று கேட்கிறேன். அன்று காலையில் அப்பா ஏதாவது சொன்னாரா? சொல்லப் பார்த்தாரா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

உன் தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் எழுத நாளாகிவிட்டது. கடையில் ஆள் குறைவு. காலை பத்துக்குப் போனால் ஏழாகிறது.

அன்று விசேஷமாக ஒன்றும் இல்லை. எழுந்தார், முகம் கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போய்ப் பார்த்தபோது கண் மூடியிருந்தது. தூக்கம் மாதிரிதான் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. நிம்மதியான சாவு என்று எல்லாரும் சொன்னார்கள், உன் காதிலும் விழுந்தது.

கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. நீ சரிசெய்த குழாய் திரும்பவும் சொட்டுகிறது.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

சரி அக்கா. நிம்மதியாகப் போனார் என்றால் அது போதும்.

நான் நலம். ஆபீசில் என் பழைய எடிட்டரை எடுத்துவிட்டு வேறொன்றில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு வருடப் பழக்கம், ஒரு வரி எழுத அரை மணி ஆகிறது. பக்கத்து சீட்டுக்காரர், "என்னப்பா, கல்யாணம் ஆனவன் வேற வீட்டுல தூங்குற மாதிரி முழிக்கிறே?" என்று கேலி செய்கிறார். செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே அடைந்து கிடக்காதே. எங்காவது போய் வா.

உன் தம்பி

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. முழுக்கப் படித்துவிட்டு என்னைத் திட்டு.

ஜூனில் நான் எழுதியது பொய். உன் மனசு கஷ்டப்படக்கூடாது என்று பொய் சொன்னதாக இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அன்று காலை ஏழரை இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். கூடத்தில் கீபோர்டு சத்தம். படபடவென்று. எழுத்து விழாத கோபத்தில் அவர் தினமும் அப்படித்தான் தட்டுவார், அதனால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மேஜையில் ஒரு தட்டு. "இதோ வரேம்பா, பால் அடுப்புல இருக்கு" என்றேன். திரும்பவும் கீபோர்டு. "அந்தப் பேப்பரைப் பாத்து அடிங்கப்பா, எத்தனை தடவை சொல்றது!" என்று எரிந்து விழுந்தேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பால் பொங்கிற்று. இறக்கினேன், டீ போட்டேன், ஆற்றினேன், சிந்தியதைத் துடைத்தேன். சத்தம் எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியாது. டம்ளரோடு போனபோது அவர் தலை கீபோர்டின் மேல் கிடந்தது. திரையில் அவர் அடித்தது ஒரு எழுத்தும் இல்லை. மேலே இருந்த பழைய பேச்சிலும் பாதியைக் காணோம்.

"பத்து நிமிஷத்துல யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். பத்து நிமிடம் என்று அவரிடம் சொன்னது நான். அதைவிட அதிகம்.

உன்னையும் திட்டினேன், மனசுக்குள். வெள்ளைப் பக்கம் இருந்திருந்தால் அந்தச் சத்தம் கேட்டதும் பேசுகிறார் என்று ஓடியிருப்பேன் என்று. ஆனால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஆறு அடி. ஆறு அடி நடக்காதவள் நான்தானே?

இரண்டு கேட்கிறேன். அவர் என்ன அடித்தார் என்பது அந்தப் பெட்டிக்குள் எங்காவது இருக்குமா? உன் தொழில், உனக்குத் தெரியும். இருந்தால் சொல், என்னவாக இருந்தாலும் சொல். இன்னொன்று, மிச்சம் இருக்கும் பேச்சையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும்போல் இருக்கிறது. நான் தொட்டு, இருக்கிறதும் அழிந்துவிடுமோ என்று பயம். அந்த வெள்ளைப் பக்கத்தை எப்படியாவது திருப்பிக் கொடு.

அக்கா

செப்டம்பர் 12
(தபாலில் சேர்க்காதது)

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறது.

எழுதும் கீயை அழுத்தாமல் அடித்தால் திரையில் எழுத்து வராது. ஆனால் எந்தெந்தக் கீயை எப்போது அழுத்தினார் என்பது வரிசையாக இன்னொரு ஃபைலில் பதிவாகும்படி ஜனவரியிலேயே வைத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, அதற்கேற்றபடி சரிசெய்து அனுப்பலாம் என்று நினைத்தேன். நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஜூன் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் வந்த மூன்றாம் நாள், நீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அதைத் திறந்து படித்தேன். மேயில் உன்னிடம் கேட்டபோது எனக்குத் தெரியும். உனக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான் கேட்டேன். ஒன்றுமில்லை என்று நீ எழுதியதும், உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதில் இருப்பது இதுதான். 'வலிக்குது. பெரியவளே வா. வா.' கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, 'பால் போகட்டும் வா.' அதற்கப்புறம் எழுதும் கீயைத் தேடி ஏழெட்டுக் கீயை அழுத்தியிருக்கிறார். ஒன்றுகூட அது இல்லை. பிறகு 'வா' மட்டும், ஆறு தடவை.

அந்தப் பால் எது என்று எனக்கு அப்போது புரியவில்லை. நாலு மாதம் யோசித்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் புரிந்தது. நீ சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது அக்கா. பதிலும் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். திட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். எங்கும் எதுவும் பதிவாகவில்லை. மேயில் வந்திருந்தபோதே நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எழுதும் கீயை அழுத்தாமல் தட்டினால் அது எதையும் வைத்துக்கொள்ளாது. நீ நினைத்ததுதான் சரி, வழக்கம்போல் கோபத்தில் தட்டியிருப்பார். உயிர் போனது நொடியில் நடந்திருக்கும், அதற்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ஆறு அடி நடந்திருந்தாலும் நீ பார்த்திருக்கப்போவது அவருடைய கோபத்தைத்தான். இதை நம்பு. இது என் தொழில். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டது என்னால். அதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே.

இனி வெள்ளைப் பக்கம். துணியை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போடு. கறுப்புப் பக்கம் திறந்தால் வலது மேல்மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடு, ஒன்றும் அழியாது. 'பேச்சு' ஃபைலின் மேல் அம்புக்குறியை வைத்து மவுஸின் வலது பட்டனை ஒரு தடவை அழுத்து. ஒரு பட்டியல் வரும். அதில் 'எதைக் கொண்டு திறக்க' என்று இருப்பதைத் தேர்ந்தெடு. முதலில் இருப்பதுதான் பழைய வெள்ளைப் பக்கம். அதைத் தொட்டு, கீழே 'எப்போதும் இதையே' என்ற கட்டத்தில் டிக் போட்டு, சரி என்று கொடு.

அவ்வளவுதான் அக்கா. இரண்டு நிமிடம்கூட ஆகாது.

உன் தம்பி